அட்வான்சில் கழித்தது

காலி செய்ய மூன்று நாள் இருந்தது.
தணிகாசலம் வந்து அடுப்புச் சுவரைப் பார்த்தார்.
என்னைப் பார்க்காமல் சுவரிடமே சொன்னார்:
"பெயிண்ட்டுக்குப் பன்னெண்டாயிரம் புடிச்சுப்பேன்மா."
பன்னிரண்டாயிரம் எத்தனை டின் எண்ணெய் என்று
மனசு அதுபாட்டுக்கு வகுத்துப் பார்த்தது.

ஒன்பது வருடம் இந்த மூலையில்
பேஜோ பொரித்திருக்கிறேன்.
ஐந்து மணிக்கு எத்திராஜ் வண்டியைத் தள்ளுவதற்குள்
இரண்டு கூடை நிரம்ப வேண்டும்.
சிலிண்டர் விலை ஏறிய மாதங்களில் விறகு.
வியாசர்பாடியில் வெள்ளம் வந்து விறகும் நனைந்த மாதம்
உடைந்த பலாப்பலகை, பழைய ஜன்னல் கட்டை.
சுவர் எதையும் விட்டுவைக்கவில்லை.
அடுப்புக்கு மேலே ஒரு கறுப்பு நாக்கு
கூரை வரை போய்
அங்கே இடிபட்டு அகலமாகியிருந்தது.

வினிகர் என்றான் மருந்துக்கடைப் பையன்.
அரை பாட்டில் இருந்தது, அப்படியே ஊற்றினேன்.
நாக்குக்குக் கால் முளைத்துத்
தரைவரை இறங்கி வந்தது.

பக்கத்துப் போர்ஷன் ஜரினா எட்டிப் பார்த்துத்
தலையில் அடித்துக்கொண்டாள்.
"ஈரத்தக் காட்டுனா கரி சுவத்துக்குள்ள பூந்துக்கும்டி.
மொதல்ல காஞ்ச துணி. அப்புறம்தான் சோடா உப்பு."
இதை நேற்றே சொல்லக்கூடாதா என்றேன்.
நேத்து நீ கேட்டியா என்றாள்.

துணியால் ஒற்றினேன். பழைய பிரஷ்ஷால் சுரண்டினேன்.
சோடா உப்பைக் கூழாக்கி அப்பி,
அது காய்வதற்குள் பாதி சாமான் கட்டினேன்.
எலுமிச்சை மூடி, கல்லுப்பு,
பீங்கான் கழுவுகிற பவுடர்.
விரல் இடுக்கெல்லாம் எரிந்தது.

யுவஸ்ரீதான் சப்பாத்தி மாவை உருட்டி
சுவரில் அழுத்தி எடுத்தாள்.
மாவு நாவல்பழமாக வந்தது.
சுவரில் ஒரு ரூபாய் அகலத்துக்கு
வெளிச்சம்.
எங்கே கற்றாய் என்று கேட்கவில்லை.
இரண்டு கிலோ கோதுமை மாவு பிசைந்தேன்,
ராத்திரிச் சாப்பாடு எண்ணூர் ரோட்டில் பரோட்டா.

மணி ஒன்றரை இருக்கும்.
உள்ளங்கை அளவு இடம் நன்றாக வந்துவிட்டது.
எங்கள் கரிக்குக் கீழே வெள்ளை.
ஊறிப்போன வெள்ளை தானாக உரிந்தது,
அதற்குக் கீழே நீலம்.
நீலத்துக்குக் கீழே
இன்னொரு கரி.

வேறு யாரோ பொரித்தது. வேறு எண்ணெய்.
மோந்து பார்த்தேன், மீன்.

காலையில் தணிகாசலத்தைக் கூட்டிவந்து காட்டினேன்.
"இவங்க கரிக்கும் புடிச்சீங்கல்ல சார்?
அந்தக் காசுல அடிச்ச பெயிண்ட்டு
எங்க கரியோட சேந்து உதிருது, பாருங்க."
நகத்தால் சுரண்டினார்.
அது ஓதம் என்றார்.
ஓதம் மீன் நாத்தம் அடிக்குமா என்றாள் ஜரினா,
தன் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே,
யாரையும் பார்க்காமல்.

பேரம் அரைமணி நேரம் நடந்தது.
ஏழாயிரம் கழித்தார்.
ஜெயித்தேனா என்று இன்னும் தெரியவில்லை.
அந்த உள்ளங்கை மட்டும்
சுவரில் புண் மாதிரி பளிச்சென்று இருந்தது.
அதைத்தான் அவர் போட்டோ எடுத்துக்கொண்டார்,
அடுத்து வருபவரிடம் என்ன சொல்வாரோ.

எர்ணாவூரில் இரண்டாம் மாடி. புதுச் சுண்ணாம்பு.
அடுப்புக்குப் பின்னால் அடிக்கத்
தகரம் வாங்கிவர எத்திராஜ் போயிருக்கிறார்.
இந்தச் சுவரை விடமாட்டேன் என்று
சத்தியம் பண்ணாத குறை.

ஜன்னலைத் திறந்தேன்.
கட்டையில் விரலை இழுத்தேன், சும்மாதான்.
விரல் கறுத்தது.

இன்னும் பால்கூடக் காய்ச்சவில்லை.
துறைமுகப் பக்கம் காற்று வீசிக்கொண்டிருந்தது.
யார் வீட்டு அடுப்பு இது,
அட்வான்ஸ் யாரிடம் வாங்கியிருப்பார்கள்?

யுவஸ்ரீ கேட்கிறாள்:
"மாவு பெசையட்டாம்மா?"